மூக்குக்குள் ஒரு பம்ப்: நாலு பருவம் பாவித்த பிறகு

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் புரட்டாதி மாதம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். பாதி பேச்சு, பாதி தும்மல். ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கியதாம், உறைபனி விழும்வரை விடாதாம். ராக்வீட் என்ற களையின் மகரந்தம்தான் காரணம் என்று குடும்ப டொக்டர் சொல்லி, மூக்குக்குள் அடிக்கிற ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறார். "நீயும் உதைத்தானே பாவிக்கிறாய், நல்லதோ?" என்று கேட்டான். ஓம் என்று தட்டினேன், அழித்தேன். இல்லை என்று தட்டினேன், அதையும் அழித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வோட்டர் பம்ப் திருத்துகிற வேலை. வவுனியாப் பக்கம் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ9 வீதிக்கு இரண்டு பக்கமும் தோட்டம் தோட்டமாகப் போவேன். ராக்வீட்டை நான் கண்டதில்லை. அதன் சொந்தக்காரனோடுதான் என் சீவியம்: பார்த்தீனியம். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், அதற்குள்ளும் நெருங்கிய உறவு. ஒன்றின் மகரந்தம் ஒத்துவராதவருக்கு மற்றதும் ஒத்துவராமல் போகலாம். இந்தியப் படை சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு இந்தச் செடி வந்தது என்பது ஊர்க்கதை. இலங்கையின் 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அழிக்க வேண்டிய களை. சட்டம் கொப்பியில் இருக்கிறது, செடி வாய்க்கால் வரம்பில் இருக்கிறது. மாரி மழை விட்டதும் இடுப்பளவுக்கு எழும்பி, மூக்குத்தி அளவில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பம்ப் இருக்கிற இடமும் அதுதான்.

தை, மாசியில் எனக்கு விடாத தடிமன். வைக்கோல் தூசு என்று பல வருசம் நினைத்திருந்தேன். சூடடிக்கிற காலமும் அதுதானே. சின்ன மஞ்சள் குளிசை போட்டால் தும்மல் நிற்கும், கண்ணும் சேர்ந்து மூடும். ஒருநாள் அந்த மயக்கத்தில் ஒரு மிசினுக்கு இம்பெல்லரை, அதுதான் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தை, மாறிப் பூட்டிவிட்டு வந்து, அடுத்த நாள் காலையில் நல்ல வசவு வாங்கினேன். பிறகு பாமசியில் மூக்கில் விடுகிற சொட்டு மருந்து வாங்கினேன். விட்ட நிமிசமே அடைப்புத் திறக்கும். அருமையான சாமான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டு மாதத்தில், அது விடாவிட்டால் மூக்குத் திறக்காது என்ற நிலை.

எங்கள் பக்கத்து பிரதேச வைத்தியசாலைக்கு அப்போது புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். முதலில் சொட்டு மருந்துக்குத்தான் ஏச்சு. அதை மூன்று நாலு நாளைக்கு மேல் விட்டால் மூக்கு அதற்குப் பழகி இன்னும் வீங்கும் என்றார். நான் கொழும்புக்குப் போய் ஊசி குத்திப் பார்க்கிற ஒவ்வாமைப் பரிசோதனை செய்யவேண்டுமோ என்று கேட்டேன். "அதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ரெண்டு கிழமை எங்க போனீங்க, எப்ப தும்மினீங்க எண்டு கொப்பியில எழுதுங்கோ" என்றார். வேலைக் கணக்குக் கொப்பியிலேயே எழுதினேன். சூடடிக்கிற களத்தில் அரை நாள் நின்ற அன்று பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்த நாளெல்லாம் கண் கடி, மூக்கால் ஓட்டம். ஒருநாள் முழங்கைவரை தடிப்பு வேறு. அவர் பார்த்துவிட்டு, "பார்த்தீனியம்தான் எண்டு நான் சத்தியம் பண்ணேல்ல, ஆனா உங்கட கொப்பி அப்பிடித்தான் சொல்லுது" என்றார். நெஞ்சில் வைத்துக் கேட்டுப் பார்த்தார். முட்டு இல்லை. இழுப்பு வந்தால் அன்றே வரவேண்டும் என்று சொல்லித்தான் துண்டு எழுதினார்: புளூட்டிகாசோன் மூக்கு ஸ்பிரே, கடுமையான நாளுக்கு லொராடடின் குளிசை ஒன்று.

ஸ்பிரே அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும், விடாமல் அடியுங்கோ என்று அவர் முதலே சொல்லியிருந்தார். சொட்டு மருந்துக்குப் பழகிய ஆளுக்கு அது எங்கே ஏறும்? கூரைக்கு மேல் எறிய நினைத்தேன், காசு கொடுத்து வாங்கியது என்பதால் விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு தோட்டத்தில் கரண்ட் மோட்டருக்குப் பக்கத்தில் நின்று சொந்தக்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன், கொயில் கருகுகிற மணம் மெல்ல வந்தது. உடனே நிற்பாட்டினேன். இன்னும் பத்து நிமிசம் ஓடியிருந்தால் மோட்டர் போயிருக்கும். அவர் என்னைச் சாத்திரக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் தொழிலில் பாதி மூக்கு என்பதையே நான் மறந்து கிடந்திருக்கிறேன். அடைப்பு எடுபடும் என்று தெரியும், மணம் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, இனி என் கோபம். மருந்தில் குறை இல்லை, அந்தப் போத்தலின் பம்பில்தான். பம்ப் திருத்துகிறவனுக்குப் பம்பாலேயே தலையிடி.

புதுப் போத்தலை ஐந்தாறு தரம் வெளியில் அடித்துக் காற்றெடுக்க வேண்டும். அது நியாயம், எந்த பம்புக்கும் உள்ளதுதான். ஆனால் ஒரு கிழமை தொடாமல் விட்டால் திரும்பவும் காற்றெடுக்க வேண்டும். தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு ஒழுகுகிற மிசின் போல. ஒவ்வொரு தரமும் மருந்து காற்றோடு போகிறது. நான் வாங்குகிற போத்தலில் 120 தரம் அடிக்கலாம். எத்தனை போனது என்று காட்ட ஒரு எண்ணும் இல்லை, வெளியே பார்த்தாலும் தெரியாது. சுவரில் பிள்ளையார் படத்துக்குக் கீழே தொங்குகிற கலண்டரில் கோடு கீறி எண்ணுகிறேன். மனுசி, "பால்காரனுக்குக் கணக்கோ?" என்று கேட்பாள். அதைவிடக் கொடுமை, 120 முடிந்தால் உள்ளே கொஞ்சம் ஆடினாலும் எறியவேண்டுமாம், அளவு சரியாக வராதாம். பானையில் சோறு கிடக்க எழும்பிப் போ என்கிற கதை.

அப்புறம் என் பிழை ஒன்று. இந்த முறை முனை அடைத்துக்கொண்டது. வெந்நீரில் கழுவு என்று தாளில் இருந்தது. இவ்வளவு பெரிய மிசின் எல்லாம் கழற்றிப் பூட்டுகிறவன் இதற்குத் தாள் பார்ப்பேனா? ஊசியால் குத்தினேன். ஓட்டை பெருத்துவிட்டது. புகைபோல வரவேண்டியது கோடாகப் பீச்சி நேரே தொண்டைக்கு இறங்கியது. பாமசிப் பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, இதுக்கு கஸ்கெட் இல்லை" என்றான். இன்னொன்று வாங்கினேன். ஆஸ்பத்திரியில் இருந்தால் சும்மா கிடைத்திருக்கும், அநேகமாக இருப்பதில்லை. 2022இல் மருந்து விலை ஏறியபோது ஒரு பருவம் பாதி அளவில் ஓட்டியதும் உண்டு.

மச்சான், நீ கட்டாயம் கவனிக்கவேண்டிய ஒன்று. முதல் மாதம் எனக்கு மூக்கால் இரத்தம் வந்தது. பயந்துபோய்த் திரும்ப டொக்டரிடம் போனேன். "எப்பிடி அடிக்கிறீங்க, காட்டுங்கோ" என்றார். வலது கையால் வலது மூக்குக்குள் நட்ட நடுவைப் பார்த்துப் பிடித்தேன். அவர் தன் பேனையால் என் முழங்கையைத் தள்ளிவிட்டார். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. தலை கொஞ்சம் குனியவேண்டும், முனை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கவேண்டும், உறிஞ்சி இழுக்கக் கூடாது. அதற்குப் பிறகு இரத்தம் இல்லை. கடையில் நேரே போய் வாங்கியிருந்தால் இதை யார் சொல்லித் தந்திருப்பார்கள்? அந்த டொக்டர் இப்போது இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். புதியவரிடம் கொப்பியைக் காட்டினேன், பூ வருவதற்கு இரண்டு கிழமை முன்பே தொடங்கச் சொன்னார். செடி பிடுங்குகிற சிரமதானத்துக்கும் போக வேண்டாம் என்றார். இதற்கு மட்டும் நான் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை.

ஆக, நாலு பருவம் மூச்சு விட வைத்த சாமான் இது. ஆனாலும் நல்லதோ என்று நீ கேட்டால் இன்றைக்கு இல்லை என்றுதான் சொல்வேன். இப்படி ஒரு பம்பை நான் பூட்டிக் கொடுத்திருந்தால் கமக்காரர் என்னை வரம்போடு கட்டிவைத்திருப்பார்கள்.

மார்கழி பாதி போய்விட்டது. ஓமந்தைப் பக்கம் வரம்பில் மொட்டு வைத்திருக்கிறதாம். புதுப் போத்தலுக்கு இன்று காலை காற்றெடுத்தேன். ஆறு அடி போனது. கலண்டரில் முதல் கோடு கீறியாயிற்று.