கையடக்கக் காற்றுப் பம்ப்: டயரைக் காலையில் அளக்க ஒரு நல்ல துணை

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி இயக்கும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வேண்டிய அழுத்தத்தைக் குறித்துவிட்டால், அந்த அளவை எட்டியதும் தானே நின்றுவிடுகிறது. ஆனால் இதை வாங்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம், வண்டியை நகர்த்தாமலே, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றை அளந்து நிரப்ப முடிவதுதான். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிச் செல்வதற்குள் டயர் சூடேறத் தொடங்கிவிடுகிறது. கார் நிறுவனம் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவோ குளிர்ந்த டயருக்கு உரியது.

இந்த வேறுபாடு சிறியதன்று. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறாததால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு (செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டினால் வருவது) நேர்விகிதத்தில் உயர்கிறது. 27 டிகிரி செல்சியஸில், அதாவது ஏறக்குறைய 300 கெல்வினில், 33 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) காட்டும் டயர், நெடுஞ்சாலை ஓட்டத்தில் 57 டிகிரிக்குச் சூடேறினால், கெல்வின் கணக்கில் வெப்பநிலை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அழுத்தமும் 33-இலிருந்து 36 ஆகும் என்றே தோன்றும். ஆனால் பம்பின் திரையில் தெரிவது வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டுமே என்பதால், இரண்டும் சேர்ந்த 47.7-ஐக் கணக்கில் கொள்ள வேண்டும். அப்போது திரை ஏறக்குறைய 38 காட்டும். அதிகமாயிற்றே என்று அந்தச் சூட்டிலேயே காற்றை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலையில் டயரில் 29 பிஎஸ்ஐ கூட இருக்காது. பயணிகளின் பாதுகாப்பைத் தொடும் இந்தச் செய்தி கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

வேகத்தில் குறையில்லை. வெப்பநிலை மாறாதபோது காற்றின் அழுத்தமும் கொள்ளளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்று 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி கணக்கிட்டால், 30 லிட்டர் கொள்ளளவுள்ள டயர் முற்றிலும் இறங்கிய நிலையிலிருந்து 33 பிஎஸ்ஐ எட்ட, வெளியிலிருந்து மேலும் 67 லிட்டர் காற்றைத் திணிக்க வேண்டும். உள்ளங்கையளவு பம்ப் அதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இயல்பே. வேகமாக அமுக்கப்படும் காற்று வெப்பத்தை வெளியேற்ற நேரமின்றிச் சூடேறுவதால், குழாயின் உலோக முனை நன்றாகச் சுடுகிறது. கழற்றும்போது துணி பிடித்துக்கொள்வது நல்லது.

பம்ப் ஓடும்போது திரை சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. நின்ற பிறகு தெரியும் எண்ணையே நம்ப வேண்டும். மின்கம்பி பின் டயர்கள் வரை எட்டுகிறது.