தாழி எலும்பா, நம்ம எச்சிலா?

பழங்காலத்தவரைத் தாழிகளில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் பரம்பில் நின்றுகொண்டு மாமா கேட்டார்: "அந்த எலும்பைச் சோதிச்சா, இவுக நம்ம ஆளுகளான்னு தெரிஞ்சிரும்லா மாப்ளே?"

இதற்கு இரண்டு வழி. தாழிக்குள் கிடந்தவரின் எலும்பைப் படிக்கலாம். அல்லது இன்று நெல்லைச் சீமையில் நடமாடுகிறவர்களின் எச்சிலையோ ரத்தத்தையோ வாங்கிப் படிக்கலாம்.

எலும்பு நேரடி சாட்சி. ஆனால் டிஎன்ஏவுக்கு வெக்கை ஆகவே ஆகாது. ஹரியானாவில் சிந்துவெளிக் காலத்து ஊரான ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைத் துருவியும் ஒரே ஒருவரிடம்தான் உருப்படியாக ஏதோ கிடைத்தது. அந்த முடிவு 2019இல் வெளியானது. தாமிரபரணிக் கரையின் வெயிலும் ஈரமும் அதைவிடக் கருணை காட்டும் என்று நான் நம்பவில்லை.

உயிரோடிருப்பவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இன்றைய எச்சிலில் பழைய காலம் எப்படித் தெரியும்? பத்தமடையில் பாய் நெய்யும் கோரையை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கோரை ஒரு வம்சம், பச்சைக் கோரை இன்னொன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்களை வெட்டி, மாற்றி ஒட்டித்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறது. கலப்பு அண்மையில் நடந்ததென்றால் சிவப்பு நீளநீளமாகக் கிடக்கும். பழசென்றால் துணுக்குத் துணுக்காகிவிடும். துண்டுகளின் நீளத்தை வைத்துக் கணினி தலைமுறைகளை எண்ணிவிடும். 2013இல் 73 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 571 பேரை இப்படி அலசித்தான், இந்தியாவின் இரு பெரும் மூதாதை மரபுகள் கலந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார்கள். ஒரு தாழியைக்கூடத் திறக்காமல்!

எச்சிலிலுள்ள டிஎன்ஏவைச் சிப் என்ற சோதனைத் தகட்டில் படிப்பதா, முழு மரபணுத்தொகுதியையும் படிப்பதா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை; முழுசுதான். சிப் முன்பே குறித்துவைத்த சில லட்சம் இடங்களைத்தான் பார்க்கும். நம் பக்கத்தில் மட்டும் இருக்கும் மாற்றம் அதில் சிக்காமல் போய்விடலாம். ஜீனோம் இந்தியா திட்டம் 83 குழுக்களில் 9,772 பேரை முழுதாகவே படித்து 2025இல் வெளியிட்டது.

சரி, எச்சிலுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. கலப்பு எந்த ஊரில் நடந்தது என்று அது சொல்லாது. வாரிசில்லாமல் மறைந்த கூட்டம் அதன் கண்ணுக்கே தெரியாது. மாமாவின் கேள்வி அந்த இடத்தில்தான் நிற்கிறது.

என் கையில் காசிருந்தால் முதலில் எச்சிலுக்குத்தான் செலவழிப்பேன். தாழிகளை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். திறந்தே ஆகவேண்டுமென்றால், உட்காதைச் சுற்றியிருக்கும் அந்தக் கெட்டி எலும்பை வெறுங்கையால் தொடாமல், கழுவாமல் எடுத்து வையுங்கள்.