"ரேர் பீஸ்" என்று சொன்னால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய சுவிஸ் வாட்ச் வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். போன ஆவணியில் 72,000 ரூபாய் கொடுத்து ஒரு ஓமேகா சீமாஸ்டர் வாங்கினேன். நன்றாக ஏமாந்தேன்.

விற்றவர் நாகர்கோவிலில் வீட்டில் வைத்தே வியாபாரம் செய்கிறவர். கறுப்பு டயல், தங்க நிற எழுத்து, ஒரு புள்ளி கறை இல்லை. "அண்ணே, இது குளச்சல்ல ஒரு வீட்டுல உள்ளது. அவங்க அப்பா எழுபத்தி நாலுல குவைத்துல இருந்து கொண்டு வந்தது. கறுப்பு டயல் ரேர் பீஸ், இன்னொண்ணு பாக்க முடியாது" என்றார். நம் மாவட்டத்துக்காரனால் இந்தக் கதையைத் தட்ட முடியாது. என் பெரியப்பாவும் மஸ்கட்டில் இருந்து ஒரு ராடோ டயஸ்டார் கொண்டு வந்தார். கல்யாண வீடு என்றால்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும். அவர் ஞாபகம் வந்ததும் நான் பேரம்கூடப் பேசவில்லை.

வாங்கிய வாரத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. வாட்ச் முள்ளும் டயல் புள்ளிகளும் பச்சையாக மின்னின. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். அந்த வெளிச்சமே என்னை உஷார்படுத்தியிருக்க வேண்டும். அந்தக் காலத்து டயல்களில் இருட்டில் ஒளிர வைத்தது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஐம்பது வருடம் ஆன டயல் இருட்டில் அப்படி எரிய வழியே இல்லை.

அப்புறம் வாட்ச் தினமும் பத்து நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. தக்கலையில் நாற்பது வருடமாக வாட்ச் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திருகித் திறந்தார். உள்மூடியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், மறுபடியும் மூடியைப் பார்த்தார். "மக்கா, இதுக்க மூடி ஒரு வாச்சுக்கு உள்ளது, மிஷின் வேற வாச்சுக்கு உள்ளது, கேட்டியா?" என்று லென்ஸை என் கையில் தந்தார்.

மூடியின் உள்பக்கம் 166 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. ஓமேகா அந்த வரிசையைத் தேதி காட்டும் ஆட்டோமேட்டிக் வாட்சுகளுக்குக் கொடுத்தது. உள்ளே இருந்ததோ 601 என்ற மிஷின். கையால் சாவி கொடுப்பது, தேதி கிடையாது. டயலிலும் தேதிக்கு ஜன்னல் இல்லை. பிறகு டயலைக் காட்டினார். வெறும் கண்ணுக்கு அழகாக இருந்த எழுத்துகள் லென்ஸில் ஓரம் கசிந்து, ஈரத் தாளில் பேனா வைத்த மாதிரி இருந்தன. அடியில் 'சுவிஸ் மேட்' நிமிடக் கோடுகளின் மேல் ஏறி நின்றது. பழைய டயலைச் சுரண்டிக் கறுப்படித்து, புதிதாக எழுதியிருக்கிறார்கள். கடற்கரை வீட்டில் ஐம்பது வருடம் கிடந்த டயலில் உப்புக்காற்றின் ஒரு புள்ளிகூட இல்லாதது ஏன் என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

இனி அந்த 'ரேர்' என்ற சொல்லைப் பற்றி. நாம் கடையில் பார்த்ததில்லை என்பதால் ஒரு வாட்ச் அரிதாகிவிடாது. கம்பெனி பெட்டியில் 'லிமிடெட்' என்று போடுவதாலும் ஆகாது. நிலவில் இறங்கிய 50-ஆம் ஆண்டுக்கு ஓமேகா விட்ட ஸ்டீல் ஸ்பீட்மாஸ்டர் வாட்சுகள் 6,969. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டுதான், ஆனால் காசு இருந்தால் தேடி வாங்கிவிடலாம். பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் 1518 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் வந்தது, பெரும்பாலும் தங்கத்தில் செய்தது. ஸ்டீலில் இதுவரை தெரியவந்தவை நான்கு மட்டுமே. 2016-இல் ஜெனீவா ஏலத்தில் அந்த ஸ்டீல் ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. அந்த மாடலே மதிக்கப்பட்டது, அதில் அந்த உலோகம் நான்கே, அது உண்மையிலேயே அப்படிப் பிறந்தது என்று காட்ட முடியும். இந்த மூன்றும் கூடினால்தான் விலை. மூன்றாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் வெறும் பேச்சு. பழைய வாட்சில் உண்மையில் கிடைக்காதது கறுப்பு டயல் இல்லை. பெயிண்ட் படாத, பாலிஷ் போட்டு ஓரம் தேயாத, தன் மிஷினோடேயே இருக்கிற வாட்ச்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2021-இல் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஓமேகாவின் அருங்காட்சியகம். பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது அது என்று 2023-இல் அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடியதிலிருந்து அதன் ஜனதா, பைலட் வாட்சுகளுக்கும்கூடப் புது வண்ணம் பூசி 'ரேர்' என்று விற்கிறார்கள்.

விற்றவரிடம் திரும்பப் போனேன். மூடி எண்ணையும் மிஷின் எண்ணையும் படம் எடுத்துக் காட்டினேன். "பழைய சாமானுக்கு கியாரண்டி கிடையாதுண்ணே, வேணும்னா பன்னிரண்டாயிரம் தாறேன், வச்சிட்டுப் போங்க" என்றார். பில் தரவில்லை, ஜிபேயில் போட்ட பணத்துக்கு 'கைமாற்று' என்று குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் வாட்சின் பெயர், மூடி எண், மிஷின் எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உள்மூடியும் மிஷினும் தெரிகிற படம் அனுப்ப மறுக்கிறவரிடம் அதற்கு மேல் பேச வேண்டாம்.

தக்கலைப் பெரியவர் சர்வீஸ் செய்து கொடுத்தார். 601 நல்ல மிஷின், இப்போது சரியாக ஓடுகிறது. போன வாரம் அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னொரு ஓமேகா வந்தது. அதே கறுப்பு, நிமிடக் கோட்டின் மேல் ஏறிய அதே எழுத்து. இந்த முறை கருங்கல் ஊரில் ஒரு வீடு, துபாயில் இருந்து வந்த அப்பா, விலை 85,000.