பச்சோந்திக்குக் கூண்டு: வலையா, கண்ணாடியா, பலகையா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வேலியில் போகிற பச்சோந்தியைப் பிடித்து வந்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நான் எழுதுவது டொரொண்டோவில் எங்கள் வீட்டில் வளரும் யேமன் பச்சோந்தியை வைத்து. பண்ணையில் பொரித்த குஞ்சாக வந்தது, இப்போது முழு வளர்ச்சி. அதற்கு அகலம், ஆழம் 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. உள்ள கூண்டு வேண்டும். மரத்தில் ஏறி வாழும் பிராணி என்பதால் உயரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

நான்கு பக்கமும் வலை அடித்த கூண்டுதான் பெரும்பாலோர் சொல்வது. காற்றோட்டத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ரீப்பர் மரச்சட்டமும் வலையும் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். புழுக்கமான ஊரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யுங்கள். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுபோகிறது. இலையில் தெளித்த தண்ணீர் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கண்ணாடிக் கூண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் காற்று தேங்கினால் பச்சோந்திக்கு மூச்சுத்தொற்று வரும். 120 செ.மீ. உயரக் கண்ணாடியை வெட்டி ஒட்டித் தூக்குவதும் வீட்டில் செய்கிற வேலை இல்லை.

நான் கடைசியில் செய்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மூன்று பக்கம் பிவிசி ஷீட், கதவும் மேல்தளமும் வலை. கதவுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வலைப்பட்டை. மேலே பல்பு சூடாக்கும் காற்று எழும்பி வெளியேற, கீழ்ப்பட்டை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். ஈரமும் நிற்கும், காற்றும் ஓடும். பிவிசிக்குப் பதில் ப்ளைவுட் போட்டால் மலிவு. ஆனால் இரண்டு மூன்று கோட் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்து, வாசனை முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பட்டு ஊதிவிடும்.

வலையிலும் கவனம் வேண்டும். ஃபைபர் கொசுவலையை இரையாக விடும் சிள்வண்டு கடித்து ஓட்டை போட்டுவிடும். துத்தநாகம் பூசிய கம்பிவலையின் சொரசொரப்பு நகத்தையும் காலையும் கிழிக்கும். அலுமினிய வலை நல்லது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். மரச்சட்டத்திலும் வலையிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது. புற ஊதா பி கதிர் படாவிட்டால் பச்சோந்தியின் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகாது; சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொடுத்தாலும் எலும்பில் சேராது. எனக்கு முதலில் கிடைத்தது சுருள் வடிவ புற ஊதா பல்பு. விலை குறைவு, சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். ஆனால் அதன் கதிர் நேர் கீழே கொஞ்ச இடத்தில்தான் விழும். பிராணி ஒரு அடி தள்ளி உட்கார்ந்தால் பயனில்லை. இரண்டு மாதம் கழித்து, கிளையைப் பற்றும்போது அதன் முன்கால் பிடி நழுவுவதைப் பார்த்தேன். எலும்பு வலுவிழக்கும் அறிகுறி என்று மருத்துவர் சொன்ன அன்றே டி5 என்ற மெல்லிய, நீளமான புற ஊதா ட்யூபுக்கு மாறினேன்.

ட்யூப் கூண்டின் அகலம் முழுக்கக் கதிரைப் பரப்பும். கடையில் ஆர்கேடியா 6% அல்லது ரெப்டிசன் 5.0 என்ற பெயரில் விற்கும் ட்யூப் போதும். மேல்வலையின் மீது வைத்தால், உச்சிக் கிளை 20 முதல் 25 செ.மீ. கீழே இருக்கட்டும், வலையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கண்ணாடியோ கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுத்துவிடும். அதனால் ஜன்னலோர வெயிலை நம்பாதீர்கள். வருடம் ஒருமுறை ட்யூபை மாற்றுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் குறைந்திருக்கும்.

சூட்டுக்குச் சாதாரண ஹாலோஜன் பல்பே போதும். வெயில் காயும் கிளையில் 30 டிகிரி வரை இருக்கலாம். காலையில் பல்பு எரிந்ததும் எங்களுடையது உடம்பைத் தட்டையாக்கி, விளக்குப் பக்கத்தை மட்டும் கருமையாக்கிக்கொண்டு உட்காரும். கால் மணியில் பச்சை திரும்பி, இலைக்குள் இறங்கிவிடும். இறங்காமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் சூடு அதிகம், பல்பை உயர்த்துங்கள். இரவுக்கு விற்கும் சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம். 18, 19 டிகிரி குளிர்ச்சியும் முழு இருட்டும்தான் அதற்கு நல்ல தூக்கம்.

அப்புறம், கூண்டை எங்கே வைப்பது? முதலில் தரையில் வைத்திருந்தேன். நாங்கள் நடந்தாலே இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டடி மேசைமேல் ஏற்றினேன். உச்சிக் கிளை எங்கள் கண்மட்டத்துக்கு மேலே போயிற்று. மூன்றாம் நாள், கதவைத் திறந்து நீட்டிய சிள்வண்டை மேலிருந்தபடியே நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டது.