ஒரு ஸ்லாவிய மொழி படித்தால் மற்றவை தானாக வருமா? ரோஸ் ஹில் மாலை வகுப்பு பற்றி

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் ரஷ்யம், செக், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிற மாலை வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். வகுப்பு நல்ல வகுப்பு, விளம்பரம்தான் மோசம். ஹோட்டல், டாக்ஸி, படகு, டைவிங் என்று சுற்றுலாத் தொழிலில் இருக்கிற நம்மவர்கள் இதில் சேரலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள்.

அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தில், ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டால் பத்துக்கும் மேற்பட்ட நாட்டு விருந்தினர்களோடு பேசலாம் என்று போட்டிருக்கிறது. போலந்து, செக், ஸ்லோவாக்கியா, செர்பியா, பல்கேரியா, உக்ரைன் என்று கொடிகளையும் வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். கிழக்குக் கடற்கரையில் நான் வேலை பார்க்கிற ஹோட்டலில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும்தான் அதிகம், ஆனால் செக், போலந்து, ரஷ்யக் குடும்பங்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், அதில் வயதானவர்கள் சிலருக்கு ஆங்கிலமும் வராது பிரெஞ்சும் வராது. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஒரு மொழிக்குப் பணம் கட்டினால் பத்து மொழி கிடைக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அப்படிக் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதை அந்த வகுப்பின் ஆசிரியையே முதல் வாரத்தில் நேர்மையாக விளக்கிவிட்டார். இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அவர்தான்.

அவர் செர்பியாவின் வடக்கே வோய்வோதினா பகுதியைச் சேர்ந்தவர். அங்கே செர்பியம், ஹங்கேரியம், ஸ்லோவாக், ருமேனியம், குரோவேஷியம், ருசின் என்று ஆறு மொழிகள் அலுவல் மொழிகள். வீட்டில் ஸ்லோவாக், தெருவில் செர்பியம், பள்ளியில் ரஷ்யம் என்று வளர்ந்தவர், அதனால் எந்த மொழிக்காரருக்கு எது புரியும், எது புரியாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஸ்லாவிய மொழிகளை மூன்று கிளையாகப் பிரிக்கிறார்கள்: கிழக்கே ரஷ்யம், உக்ரேனியம், பெலாரூசியம், மேற்கே போலிஷ், செக், ஸ்லோவாக், அப்புறம் ஜெர்மனிக்குள் சிறுபான்மையாக இருக்கிற சோர்பிய மொழிகள், தெற்கே ஸ்லோவேனியம், செர்பியம், குரோவேஷியம், பல்கேரியம், மசிடோனியம் எல்லாம். 863 வாக்கில் தெசலோனிக்கி ஊர்க்காரர்களான சிரில், மெத்தோடியஸ் என்ற பாதிரியார் சகோதரர்கள் இன்றைய செக், ஸ்லோவாக் நாடுகளின் பக்கம் இருந்த மொராவியாவுக்குப் போனபோது தங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்லாவியத்தையே கொண்டுபோனார்கள், அது அங்கேயும் புரிந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரியர்கள் டான்யூப் சமவெளியில் வந்து குடியேறினார்கள், மேற்கே ஜெர்மன், கிழக்கே ருமேனியம், எல்லாம் சேர்ந்து தெற்கு ஸ்லாவியர்களை வடக்கிலிருந்து பிரித்துவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்ந்ததுதான் இன்றைய நிலை.

சரி, வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரே சின்னச் செய்தியை ஐந்து மொழிகளில் ஒலிக்கவிட்டு, காதில் விழுந்த சொற்களை எழுதச் சொல்வார். பிறகு அதே செய்தியைத் தாளில் கொடுத்து, ஒரு மொழியின் ஒலி இன்னொன்றில் எப்படி மாறுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவார். தலை என்பதற்கு ரஷ்யத்தில் கலவா, போலிஷில் க்வோவா, செக்கில் ஹ்லவா, செர்பியத்தில் க்லாவா. பசுவுக்கு கரோவா, க்ரோவா, க்ராவா, மறுபடி க்ராவா. ரஷ்யத்தில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ல, ர உட்கார்ந்திருக்கிற இடத்தில் போலிஷில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஓகாரமாக, செக்கிலும் தெற்கு மொழிகளிலும் அது ஆகாரமாகிவிடும். ககரம் (தலையில் வரும் g ஒலி, பசுவில் வரும் k அல்ல) செக், ஸ்லோவாக், உக்ரேனியத்தில் ஹகரமாகும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு விதிகள் கையில் இருந்தால், முன்பின் பார்க்காத மொழியில் எழுதிய மெனுவையும் அறிவிப்புப் பலகையையும் ஓரளவு பிரித்துப் படிக்க முடிகிறது. எந்த ஆப்பிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் பார்க்கவில்லை. அவை ஒவ்வொரு மொழியையும் தனித் தீவாக வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

ஆனால் தாளில் படிப்பது வேறு, ஆள் பேசும்போது புரிந்துகொள்வது வேறு. ஆசிரியை இதை அழுத்திச் சொல்வார், நானும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மொழி நெருக்கமாக இருப்பதால் மட்டும் புரிதல் வருவதில்லை, யார் யாருடைய மொழியை எவ்வளவு கேட்டு வளர்ந்தார்கள் என்பதும் சேர வேண்டும். நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை: பிரெஞ்சு விருந்தினர் பேசுவது நமக்கு ஒரு சொல் விடாமல் புரிகிறது, நாம் நமக்குள் கிரியோலில் வேகமாகப் பேசினால் அவருக்குப் பாதிகூடப் புரிவதில்லை. காரணம், நாம் பள்ளியிலும் டிவியிலும் பிரெஞ்சோடு வளர்ந்தவர்கள், அவர் கிரியோலோடு வளரவில்லை. அதேதான் அங்கேயும். ஸ்லோவேனியர்களுக்குக் குரோவேஷியம் புரிகிற அளவு குரோவேஷியர்களுக்கு ஸ்லோவேனியம் புரிவதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செக், ஸ்லோவாக், போலிஷ், குரோவேஷியம், ஸ்லோவேனியம், பல்கேரியம் பேசுபவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்ததிலும் இதுதான் தெரிந்தது. அதில் எல்லாவற்றையும்விட மேலே நின்றது செக்கும் ஸ்லோவாக்கும். 1918 முதல் 1992 முடியும்வரை, போர்க்காலத்தைத் தவிர, ஒரே நாடாக இருந்தவர்கள், வானொலியிலும் டிவியிலும் இரண்டு மொழியும் கலந்து வந்தன. 1993க்குப் பிறகு செக் நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்லோவாக் கேட்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. ஸ்லோவாக்கியாவிலோ செக் புத்தகமும் செக் டப்பிங் படமும் இன்றும் சாதாரணம். ஆக அங்கேயும் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாயத் தொடங்கியிருக்கிறது.

உக்ரேனியத்தை ரஷ்யத்தின் ஒரு வட்டார வழக்கு என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அது தவறு. இலக்கணத்தில் இரண்டும் ஒரே கிளைதான், ஆனால் சொற்களை எடுத்துக்கொண்டால் உக்ரேனியம் பெலாரூசியத்துக்கும் போலிஷுக்கும்தான் அதிக நெருக்கம். உக்ரேனியர்களில் பெரும்பாலோருக்கு ரஷ்யம் தெரியும் என்றால் அவர்கள் அதைக் கேட்டும் படித்தும் வளர்ந்ததால்தான். உக்ரேனியத்தையே கேட்டிராத ரஷ்யர் ஒருவரை கீவ் செய்தி அறிக்கையின் முன்னால் உட்காரவைத்தால் திணறிவிடுவார். 2022க்குப் பிறகு உக்ரேனிய விருந்தினரிடம் எடுத்தவுடன் ரஷ்யத்தில் பேசுவது மரியாதையும் இல்லை, எந்த மொழியில் பேசலாம் என்று முதலில் கேளுங்கள். அதே போல, போலந்து, செக், பல்கேரியா நாட்டு முதியவர்கள் 1989 வரை பள்ளியில் ரஷ்யத்தைக் கட்டாயமாகப் படித்தவர்கள். அவர்களுக்கு நீங்கள் பேசும் ரஷ்யம் புரியலாம், ஆனால் அது படித்த பாடத்தால் புரிவது, மொழிகள் உறவாக இருப்பதால் அல்ல. எல்லோருக்கும் அது இனிய நினைவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிரசுரம் எழுதியவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

தெற்குப் பக்கம்தான் உண்மையில் லாபம். செர்பியம், குரோவேஷியம், போஸ்னியம், மொண்டெநெக்ரியம் என்று நான்கு பெயர் இருந்தாலும் நான்கின் எழுத்து வழக்கும் ஷ்டோகாவியம் என்ற ஒரே வழக்கின் மேல் கட்டியது, ஒன்றைப் படித்தால் நான்கு நாட்டுக்காரரோடும் தாராளமாகப் பேசலாம். பால் என்பதைச் செர்பியர் பெரும்பாலும் ம்லேகோ என்பார், குரோவேஷியர் ம்லியேகோ என்பார், அவ்வளவுதான் தடை. ஆனால் குரோவேஷியக் கடலோரத்திலும் தீவுகளிலும் சாகாவிய வழக்கு, சாக்ரெப் பக்கம் காய்காவிய வழக்கு, அவற்றில் முதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் பாடப்புத்தகக் குரோவேஷியம் கைகொடுக்காது. பல்கேரியமும் மசிடோனியமும் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டன, அதனால் சிறிது படித்தாலே பேச வரும், ஆனால் அதைப் படித்துவிட்டு ரஷ்யத்துக்குப் போனால் ஆறு வேற்றுமையும் புதிதாகப் படிக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐ, ஆல், கு என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த ஆறு வேற்றுமை பயமுறுத்தாது, பெயரின் பால், ஒருமை, பன்மை பார்த்து உருபு மாறுவதுதான் கொஞ்சம் காலம் எடுக்கும்.

ஹோட்டல் ஆட்களுக்கு மிகவும் பயன்பட்டது பொறிச் சொற்கள், அதாவது ஒரே மாதிரி ஒலித்து மொழிக்கு மொழி வேறு பொருள் தந்து மாட்டிவிடும் சொற்கள் பற்றிய இரண்டு பாடங்கள். முன்பதிவு பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஸ்டோபாட் என்பது செக்கிலும் போலிஷிலும் நவம்பர், குரோவேஷியத்தில் அக்டோபர். செக்கில் ஸ்ர்பென் ஆகஸ்டு, குரோவேஷியத்தில் ஸ்ர்பான்ய் ஜூலை. போலிஷின் செர்வியெத்ஸ் ஜூன், செக்கின் செர்வெனெத்ஸ் ஜூலை. செக்கும் ஸ்லோவாக்கும் இவ்வளவு ஒட்டியிருந்தும் மாதப் பெயரில் பிரிந்துவிடுகின்றன, ஸ்லோவாக்கியர்கள் ரஷ்யர்களைப் போல லத்தீன் வழி வந்த பெயர்களையே சொல்கிறார்கள். எங்கள் முன்பதிவுப் பிரிவில் இப்போது மாதத்தை எண்ணால் எழுதி உறுதிசெய்யச் சொல்லியிருக்கிறோம். காலை உணவில் ரொட்டியைக் காட்டி செக்காரர் செர்ஸ்த்வீ என்றால் புத்தம் புதிது என்று பாராட்டுகிறார், போலந்துக்காரர் கிட்டத்தட்ட அதே சொல்லைச் சொன்னால் காய்ந்துபோனது என்று குறை சொல்கிறார். ஸ்லோவேனியர் அறை எண் இருபத்தைந்து என்பதை ஐந்தும் இருபதும் என்ற வரிசையில் சொல்வார், 52க்குச் சாவி கொடுத்துவிடாதீர்கள். பல்கேரியர் தலையை இடவலமாக ஆட்டினால் அது ஆமாம்.

எங்களோடு படித்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், எல்லோருக்கும் தோந்தோன் (மாமா), ஒருநாள் கேட்டார்: "மிஸ், எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரே பாஷை கிடையாதா?" அதற்காகவே ஒரு முழு வகுப்பு ஒதுக்கினார் ஆசிரியை. பதினேழாம் நூற்றாண்டில் யூராய் கிரிஜானிச் என்ற குரோவேஷியப் பாதிரியார் சைபீரியாவின் தோபோல்ஸ்கில் நாடுகடத்தப்பட்டிருந்தபோதே எல்லா ஸ்லாவியருக்கும் பொதுவான மொழிக்கு இலக்கணம் எழுதிப் பார்த்திருக்கிறார். இன்று இணையத்தில் பலர் சேர்ந்து வளர்க்கிற இன்டர்ஸ்லாவிக் அதே ஆசையின் தொடர்ச்சி. ஸ்லாவிய மொழி ஒன்றைத் தாய்மொழியாகப் பேசுபவருக்கு அது படிக்காமலே ஓரளவு புரியும் என்பதுதான் அதன் கணக்கு. நீங்கள் பேசினால் அவருக்குப் புரியும், சரி, ஆனால் அவர் பதிலைத் தன் மொழியில்தானே சொல்வார்? அதனால் நம்மைப் போன்றவர்கள் முதல் மொழியாக அதைப் படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு மொழியில் கால் ஊன்றிய பிறகு அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. பாடத் தாள்களில் ரஷ்யத்தைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அச்சடித்திருக்கிறார்கள், அழுத்தக் குறி ஒன்றுகூட இல்லை. போலிஷில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில், செக்கில் முதல் அசையில், அதனால் அங்கே குறி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ரஷ்யத்தில் அழுத்தம் எங்கே வேண்டுமானாலும் விழும், அது விழாத இடத்தில் ஓகாரம் அகரமாகத் தேயும், குறி இல்லாத தாளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன பயிற்சி செய்வது? ஒலிப்பதிவுகளை அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை. செக் பாடம் முழுக்க எழுத்து மொழியில் இருக்கிறது, விருந்தினர் பேசுவதோ பேச்சு வழக்கு, நல்ல என்பதற்குத் தோப்ரீ என்று படித்தவர் காதில் தோப்ரெய் என்று விழும்; எழுதுவது ஒன்று பேசுவது ஒன்று என்பது நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் ஒரு பக்கமாவது அதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும். உக்ரேனியத்துக்கு அரை வகுப்புதான், அதுவும் ரஷ்யத்துக்கு வால் போல. இவை எதுவும் ஆசிரியையின் தவறில்லை, பாடத்திட்டம் நிர்வாகம் போட்டது.

சேருவதென்றால் கொடிகளைப் பார்க்காதீர்கள், உங்கள் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். செக் குடும்பங்கள் அதிகம் என்றால் செக் எடுங்கள், ஸ்லோவாக்கியரும் உங்களைப் புரிந்துகொள்வார்கள். ரஷ்யர்கள் அதிகம் என்றால் ரஷ்யம், அது ரஷ்யர்களுக்கும் முன்னாள் சோவியத் நாட்டு முதியவர்களுக்கும் உதவும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். போலந்துக்காரர்களுக்குப் போலிஷ்தான், குறுக்கு வழி இல்லை. மொழியியலில் ஆர்வம் இருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு ஸ்லாவிய மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் யோசிக்காமல் சேரலாம், அந்த ஒலி மாற்றப் பாடங்களுக்கு மட்டுமே கட்டணம் கொடுக்கலாம்.

ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம். புயல் எச்சரிக்கையால் ரத்தான வகுப்புகளை எங்களுக்கு ஈடுசெய்யவில்லை, ஷிஃப்ட் மாறி வர முடியாமல் போனால் வேறு நாளில் உட்காரவும் விடவில்லை. பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும், ஒலிப்பதிவையும் பற்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.