கத்திரி வெயிலில் ஆயில் சூடு: எதைக் கொண்டு, எந்த இடத்தில் அளப்பது?

திரவக் குளிர்விப்பு கொண்ட பைக்குகளில் எஞ்சின் சூடேறினால் மீட்டரில் ஒரு கோடு உயரும், விசிறி சுழலும், அதையும் மீறினால் சிவப்பு விளக்கு எரியும். காற்றால் குளிரும் புல்லட், கிளாசிக் போன்ற வண்டிகளின் மீட்டரில் இவற்றில் எதுவும் பொதுவாக இருப்பதில்லை. சென்னையிலிருந்து வேலூர் நோக்கி 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மே மாத நண்பகலில் ஓட்டுபவர், தன் காலருகே கொதிக்கும் ஆயில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொடையில் படும் அனல் வழியாகத்தான் ஊகிக்கிறார். அந்த ஊகத்தை எண்ணாக மாற்ற விரும்புவோருக்கு இன்று பல கருவிகள் கிடைக்கின்றன: டயல் வைத்த டிப்ஸ்டிக் (ஆயிலுக்குள் இறங்கும் அளவுகோல்), டிரெயின் போல்ட் சென்சார், ஸ்பார்க் பிளக் வளையம், அகச்சிவப்புத் துப்பாக்கி ஆகியவை முக்கியமானவை. இவற்றின் விலை வேறுபாட்டைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தின் சூட்டைச் சொல்கிறது என்பதே அதைவிடப் பெரிய வேறுபாடு.

எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காற்றால் குளிரும் எஞ்சினில் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பகுதி) உள்ள ஆயில் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. அதைவிடக் குறைவாகவே எப்போதும் இருந்தால், எரிதலில் உருவாகி ஆயிலில் கலக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. 130ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணக்கு. ராயல் என்ஃபீல்டு 350களுக்குப் பரிந்துரைக்கப்படும் 15டபிள்யூ-50 ஆயிலில் உள்ள 50 என்ற தரம், 100 டிகிரியில் அதன் பாகுநிலை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் 21.9க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயில் மேலும் இளகும். ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்களின் பழைய கைக்கணக்கு. ஒரே வேகம், ஒரே சுமை என்றால், மார்கழிக் காலையின் 25 டிகிரிக்கும் கத்திரியின் 42 டிகிரிக்கும் உள்ள 17 டிகிரி இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே ஆயிலில் வந்து சேரும்.

டயல் டிப்ஸ்டிக் மிக எளிய கருவி. ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் போதும். வயரிங் இல்லை, பேட்டரி இல்லை, கெட்டுப்போகும் பாகமும் அதிகம் இல்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில், பம்ப் உறிஞ்சப்போகும் ஆயில் தொட்டிக்குள்ளேயே இதன் தண்டு நேராக இறங்குவதால், கிடைக்கும் எண் நம்பத்தக்கது. ஓட்டும்போது அதைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும் என்பதும், அதிர்வில் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும் என்பதும் இதன் குறைகள். ஆயில் அளவைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் புதிய எஞ்சின்களில் சிக்கல் வேறு வகையானது: அங்கே மூடியின் துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், தண்டு குட்டையாக இருந்தால் ஆயிலைத் தொடாமல் காற்றையும் தெறிக்கும் துளிகளையும் அளக்கும், நீளமாக இருந்தால் கிளட்ச் பகுதியில் இடிக்கக்கூடும். ஆகவே மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது போதாது, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ள வேண்டும்.

டிரெயின் போல்ட் சென்சார்தான் இவற்றுள் என் தேர்வு. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் துளையுள்ள ஒரு அடாப்டரைப் போட்டு, அதில் சிறிய சென்சாரைத் திருகி, ஹேண்டில்பாரில் உள்ள மீட்டருக்கு வயர் இழுக்கிறோம். சம்ப்பின் அடியில் எப்போதும் ஆயிலில் மூழ்கியிருப்பதால் சென்சார் காட்டுவது ஆயிலின் சூட்டைத்தான். பார்வையைச் சாலையிலிருந்து சற்றே இறக்கினால் எண் தெரியும். அடாப்டர் கீழே துருத்திக்கொண்டிருப்பது உண்மையான ஆபத்து: நம் ஊர் வேகத்தடைகளிலோ மலைப்பாதைக் கல்லிலோ அது அடிபட்டால் ஆயில் முழுவதும் சாலையில்தான் ஊற்றும். எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு இல்லாத வண்டியில் இதைப் பொருத்த வேண்டாம் என்பேன். இன்னொரு நுணுக்கம் என் தவறிலிருந்து நான் கற்றது. ஒற்றை வயர் சென்சாருக்கு எஞ்சின் உடலே எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. கசியக் கூடாதே என்று அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டேன். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் மீட்டர் மிதமான எண்ணையே காட்டியது, நானும் அதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். இவ்வகைச் சென்சார்களில் சூடு கூடக்கூட மின்தடை குறையும். எர்த் சரியாகக் கிடைக்காமல் தடை கூடியதை மீட்டர் குளிர்ச்சி என்று படித்திருக்கிறது. டேப்பை உரித்துவிட்டு மீண்டும் பொருத்தியதும் எண் சடாரென்று ஏறியது. இப்போது எந்தச் சென்சாரையும் பொருத்தும் முன் கொதிநீரில் அமிழ்த்திப் பார்க்கிறேன். கடல்மட்டத்தில் உள்ள சென்னையில் அது 100 டிகிரிக்கு அருகில் காட்ட வேண்டும். ஊட்டியில் இதைச் செய்பவர்கள் அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

ஸ்பார்க் பிளக்கின் வாஷருக்குப் பதில் செருகும் தெர்மோகப்பிள் (சூட்டை மின்சமிக்ஞையாக மாற்றும் உலோக இணைப்பு) வளையத்தையும் ஆயில் மீட்டர் என்றே சிலர் அழைக்கிறார்கள், அது தவறு. அது அளப்பது சிலிண்டர் ஹெட்டின், அதாவது சிலிண்டரின் மேல்மூடியின் சூடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது ஹெட் சில நொடிகளில் எகிறும், வளைவில் ஆக்சிலேட்டரை விட்டதும் இறங்கும். ஆயிலோ நிதானமாக, பல நிமிடங்கள் பின்தங்கி, அந்த ஏற்றம் முழுவதன் கணக்கையும் சேர்த்துக்கொண்டே வரும். நெரிசலில் ஊர்ந்து நிற்கும்போது முதலில் எச்சரிப்பது வளையம்தான் என்பதால் அதற்கும் பயன் உண்டு. ஆனால் ஆயிலை எப்போது மாற்றுவது, எந்தத் தரத்தை ஊற்றுவது என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை.

அகச்சிவப்புத் துப்பாக்கி பட்டறைகளில் பரவலாகிவிட்டது. எஞ்சினை நோக்கி நீட்டினால் உடனே எண் வருகிறது. அந்த எளிமைதான் ஏமாற்றுகிறது. மலிவான துப்பாக்கிகள் எதிரில் உள்ள பரப்பு 95 சதவீதம் வெப்பக் கதிரை உமிழ்வதாக வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. பாலிஷ் செய்த அலுமினிய மூடியோ அதில் சிறு பங்கையே உமிழும். உண்மையில் 120 டிகிரியில் இருக்கும் மூடியை 60, 70 என்றுகூட அது சொல்லக்கூடும். மூடியின் ஓரத்தில் சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட்டை நாணய அளவுக்குப் பூசி, அந்தப் புள்ளியை மட்டும் அருகிலிருந்து அளந்தால் எண் உண்மையை நெருங்கும். அப்போதும் கிடைப்பது உலோகத்தின் வெளிப்பரப்புச் சூடுதான். ஓட்டத்தில் அளக்கவும் முடியாது. இரு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடாகிறதா என்று பார்ப்பது போன்ற ஒப்பீட்டு வேலைகளுக்கு நான் இதை வைத்துக்கொள்வேன், ஆயிலுக்கு அல்ல.

பிஎஸ்6 புகைத்தர விதிப்படி வந்த வண்டிகளில், பழுது கண்டறியும் சாக்கெட்டில் புளூடூத் கருவியைச் செருகி, இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பயன்படுத்தும் எஞ்சின் சூட்டைக் கைபேசியில் படிக்கும் வழியும் உண்டு. எதையும் கழற்ற வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. அந்தச் சென்சார் சில வண்டிகளில் ஆயிலிலும் சிலவற்றில் ஹெட்டிலும் இருப்பதால், சர்வீஸ் மேனுவலில் அதன் இடத்தைப் பார்த்த பிறகே எண்ணை நம்ப வேண்டும்.

வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவருக்கு டயல் டிப்ஸ்டிக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை. அடித்தகடு உள்ள புதிய 350இல் வெயிலில் நெடும்பயணம் போகிறவர் டிரெயின் போல்ட் சென்சாருக்குச் செலவழிக்கலாம். அலுவலகத்துக்கு 10 கிலோமீட்டர் போய்வரும் 100 சிசி வண்டிக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆயிலைக் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே ஒருமுறை மாற்றிவிடலாம். மீட்டர் பொருத்துபவர்கள், வெயில் ஏறாத ஒரு காலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, எண் எங்கே நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். மே மாதம் அதே சாலையில், அதே வேகத்தில் வரும் எண்ணை அதனுடன்தான் ஒப்பிட வேண்டும்.