மூன்று வருடம் எஸ்க்யூஎம்மோடு: வேகத்தைக் குறைத்து வீட்டு இணையத்தைச் சரிசெய்த அனுபவம்

என் மனைவி காலை ஆறு மணிக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு வகுப்பு எடுப்பார். அங்கே அப்போது முதல் நாள் ராத்திரி எட்டரை. 2022 கோடையில் அந்த வகுப்பு பெரிய அவஸ்தையாகிவிட்டது; ரவுட்டரில் தரவு நிற்கும் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற மென்பொருள்தான் பிறகு அதைத் தீர்த்தது. சரளி வரிசை பாடும் குழந்தையின் குரல் 'ஸரிக' வரை வந்து அப்படியே நிற்கும். ஒரு விநாடி கழித்து 'மபதநி' மொத்தமும் ஒரே வாயில் கொட்டும். தாளம் யாருக்காகப் போடுகிறோம் என்றே தெரியாது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் பிளானில் 96 காட்டும். இணைய நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால், "சார், உங்களுக்கு ஸ்பீடு ஃபுல்லா வருது" என்பார்கள். அது பொய்யும் இல்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை.

கோளாறு பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒருநாள் வகுப்பு தொடங்கும் முன்பே லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்தேன். 11, 12, 11, 12 மில்லி விநாடி என்று சமர்த்தாக ஓடியது. ஆறு பத்துக்குத் திடீரென்று 140, 380, 640, 910. எழுந்து வீட்டைச் சுற்றி வந்தேன். கல்லூரியில் படிக்கும் மகளின் ஃபோன் சார்ஜரில் கிடந்தது. முந்தைய நாள் ஒரு கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களையெல்லாம் கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் வைஃபையை அணைத்தேன். உடனே 12. திரும்பப் போட்டேன், 700. பத்துத் தடவையாவது அணைத்தும் போட்டும் பார்த்திருப்பேன்.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். மோடத்திலும் ரவுட்டரிலும் அவை காத்திருக்கக் கொஞ்சம் நினைவகம் இருக்கும், அதுதான் பஃபர். நினைவகம் மலிவானதும் அதைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். தரவு ஒழுங்காகப் போய்ச்சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதிமுறை, பொதுவாக ஒரு பாக்கெட்டாவது தொலைந்தால்தான் 'பாதை நிரம்பிவிட்டது' என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும். எங்கள் இணைப்பில் மேலே அனுப்பும் வேகம் 20 எம்பிபிஎஸ்தான். 2 எம்பி பஃபர் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1 கோடியே 60 லட்சம் பிட். விநாடிக்கு 2 கோடி பிட் போகிற பாதையில் அது காலியாக 0.8 விநாடி ஆகும். பாட்டு வகுப்பின் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த 0.8 விநாடி கல்யாண வீடியோவுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் வெளியே போகும்.

இதற்குப் பெயர் வைத்துப் பலருக்கும் தெரியவைத்தவர், யூனிக்ஸ் கணினிகளில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ். 2010 வாக்கில் அவரும் தன் வீட்டில் இதே மாதிரிதான் மாட்டிக்கொண்டார்: பெரிய கோப்புகளை அனுப்பும்போது வீட்டு இணையம் முழுக்கத் திணறியது. டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டை எண்பதுகளில் வடிவமைத்த வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும் சேர்ந்து 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேலேயே 100 மில்லி விநாடி நீடித்தால், ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அனுப்புகிறவர் உடனே புரிந்துகொண்டு வேகத்தைத் தணிப்பார். அதே வருடம் எரிக் டூமாசே அதை எஃப்க்யூ-கோடெல் ஆக்கி லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் 3.5ஆம் பதிப்பில் சேர்த்தார்.

இந்த 'எஃப்க்யூ' (நியாயமான வரிசை) பகுதி நம் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி காலங்காலமாகச் செய்வதுதான். மாதச் சாமான் பட்டியலோடு ஒருவர் நிற்பார். பின்னால் ஒரு சிறுவன் தீப்பெட்டி கேட்டு வருவான். அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்து நீட்டிவிடுவார். பட்டியல்காரருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வைத்து, கொஞ்சமாக அனுப்புகிறவற்றை முதலில் விட்டுவிடுவதால், பேச்சு, விளையாட்டு, இணையப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் எல்லாம் தீப்பெட்டி மாதிரி போய்விடும். எது பேச்சு, எது வீடியோ என்று நாம் பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. பழைய ரவுட்டர்களில் இருக்கும் 'க்யூஓஎஸ்' என்ற முன்னுரிமை அமைப்புப் பக்கங்களில் போர்ட் எண் போர்ட் எண்ணாக முன்னுரிமை எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். அப்போது என்னிடம் இருந்தது 720 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் கொண்ட பழைய ரவுட்டர். அதில் ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளமான ஓபன்-டபிள்யூஆர்டி ஃபர்ம்வேரை ஏற்றி, எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவினேன். அதற்குள் எஃப்க்யூ-கோடெலும் உண்டு, அதற்கு அடுத்து வந்த கேக்கும் உண்டு. ஜோனதன் மார்ட்டன் முதன்மையாக எழுதிய கேக், 2018இல் கர்னல் 4.19இல் சேர்ந்தது. நிரப்ப வேண்டியது முக்கியமாக மூன்றுதான்: எந்த இன்டர்ஃபேஸ் (ரவுட்டரில் இணையம் வரும் வாசல்), கீழே வரும் வேகம், மேலே போகும் வேகம். வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிட ஐந்து முதல் பதினைந்து சதவீதம் குறைத்துப் போட வேண்டும். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். அங்கேதான் நம் பேச்சு எடுபடும்.

நான் 90 என்று போட்டேன். சேமித்து வெளியே வருவதற்குள் கூடத்திலிருந்து அம்மா, "ஏண்டா, சீரியல் சுத்திக்கிட்டே நிக்குது" என்றார். மகள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவிவிட்டாள். அரை மணி நேரம் தேடிய பிறகுதான் பெட்டிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'கிலோபிட்' என்று இருந்ததைப் பார்த்தேன். நூறு எம்பிபிஎஸ் இணைப்பை டயல்-அப் காலத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மூன்று பூஜ்யம் சேர்த்து 90000, மேலே போக 18000 என்று மாற்றினேன்.

மறுநாள் காலை மகளின் ஃபோனில் வேண்டுமென்றே ஒரு பெரிய வீடியோவை ஏற்றவிட்டு, பிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 13, 15, 14, 17. ஒருமுறை 22. வகுப்பு முடிந்து வெளியே வந்த மனைவி, "இன்னைக்கு எல்லாரும் தாளத்துல நின்னாங்க" என்றார். நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்பீடு டெஸ்டில் மட்டும் 96க்குப் பதில் 86 காட்டியது. அந்தப் பத்தை விட்டுக்கொடுக்க முதல் இரண்டு வாரம் மனசே வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதை நாமே வெட்டுகிறோமே என்ற உறுத்தல். அப்புறம் மறந்தே போய்விட்டது.

முதல் வருடத்தில் நான் செய்த நல்ல மாற்றம் ஒன்றுதான். என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்து, தன் கணினியில் கேம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். அந்த மென்பொருள் ஒரே நேரத்தில் பல தொடர்புகளைத் திறந்துகொண்டு இறக்கும். தொடர்புக்குத் தொடர்பு சமம் என்ற கணக்கில், அவனுடைய ஒரு கணினிக்கே பெரும்பங்கு போய்விடும். கேக்கில் இதற்கு வழி இருக்கிறது: கூடுதல் அமைப்புப் பெட்டியில் 'நாட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்' என்று கீழ்த்திசைக்கும், 'நாட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்' என்று மேல்திசைக்கும் எழுதினால் முதலில் கருவிக்குக் கருவி சமமாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் தொடர்புகளைப் பிரிக்கும். பந்தியில் ஆளுக்கு ஒரு இலை, அதற்குமேல் அவரவர் பாடு. என்னைக் கேட்டால் இதை எல்லோருக்கும் தானாகவே போட்டுக் கொடுத்திருக்கலாம்.

அவனுக்கு ஒரு ஏமாற்றமும் இருந்தது. "சித்தப்பா, பிங் 70லயேதானே இருக்கு, குறையவே இல்லையே?" என்றான். அவன் விளையாடிய சர்வர் இருந்த தூரம் அப்படி. இந்த மென்பொருள் வரிசையில் நிற்கும் நேரத்தைத்தான் வெட்டும். கடலுக்கடியில் கேபிள் ஓடும் தூரத்தை அல்ல. வீட்டில் யாராவது எதையாவது ஏற்றும்போது அந்த 70 ஒருபோதும் 700 ஆகாது, அவ்வளவுதான் நான் கொடுக்கக்கூடிய உத்தரவாதம்.

2023இல் நிறுவனமே பிளானை 200க்கு உயர்த்தியது. எஸ்க்யூஎம்மில் எண்ணை மாற்ற மறந்துவிட்டு நாலு மாதம் 90லேயே ஓட்டினேன். வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது தனிக் கதை. மாற்றியபோதுதான் பழைய ரவுட்டரின் மூச்சு தெரிந்தது. 180000 என்று போட்டும் 130ஐத் தாண்டவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு நூறு சதவீதம். ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியு கையால் தொட்டு நேரம் பார்த்து அனுப்புகிற வேலை இது. ரவுட்டர் பெட்டிகளில் எழுதியிருக்கும் வேகமெல்லாம் சிபியுவைச் சுற்றிப்போகும் ஹார்டுவேர் ஆஃப்லோடை நம்பி எழுதியது. அதை இயக்கினால் வேகம் வந்துவிடும், எஸ்க்யூஎம் சும்மா பெயருக்கு நிற்கும். கடைசியில் உள்ளங்கை அளவு கணினியான ராஸ்பெரி பை 4 ஒன்றை வாங்கி, யூஎஸ்பி ஈதர்நெட் ஒன்றைச் செருகி, அதை ரவுட்டராக்கினேன். பழைய பெட்டி வைஃபை மட்டும் கொடுக்கிறது. 200 எம்பிபிஎஸ் முழுக்க ஓடும்போதும் பையின் சிபியு அசரவில்லை.

இடையில் சில மாதம் படுக்கையறையில் மட்டும் பேச்சு திக்கியது. எஸ்க்யூஎம் அமைப்புகளைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன், வீண் வேலை. கேபிளில் பிங் போட்டால் 13, படுக்கையறை வைஃபையில் போட்டால் 13இலிருந்து 250 வரை. வரிசை அங்கே வைஃபையில் இருந்தது. அதற்கு எஸ்க்யூஎம் பொறுப்பாகாது. சுவரைத் துளைத்து ஒரு கேபிள் இழுத்து வைஃபை கொடுக்கும் இன்னொரு அக்சஸ் பாயின்ட் வைத்ததோடு சரியானது. பஃபர்ப்ளோட் என்று நினைத்து வருகிற பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினையாக இருக்கும் என்பது என் அனுமானம். முதலில் கேபிளில் சோதியுங்கள்.

2025 தொடக்கத்தில் ஊருக்கு வெளியே வாடகை வீட்டுக்கு மாறினோம். அங்கே ஃபைபர் இல்லை, 5ஜி வீட்டு இணையம் மட்டும். என்னுடைய இரண்டரை வருட நிம்மதி ஒரு வாரத்தில் போயிற்று. விடிகாலையில் 220 வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு 35. மழை வந்தால் இன்னும் மோசம். எந்த எண்ணைப் போடுவது? 180 போட்டால் ராத்திரி எஸ்க்யூஎம் தூங்கும், வரிசை நிறுவனத்தின் பக்கம் சேரும், பிங் 800. 30 போட்டால் பகல் முழுவதும் கழுத்தைப் பிடித்த மாதிரி. நிலையான எண்ணை நம்பும் மென்பொருளின் பெரிய பலவீனம் இது, அறிமுகக் குறிப்புகளில் இதை அழுத்திச் சொல்வதில்லை.

கைகொடுத்தது கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட். வெளியே உள்ள சில முகவரிகளுக்கு விநாடிக்குப் பல முறை பிங் அனுப்பிக்கொண்டே இருக்கும். தாமதம் ஏறினால் கேக்கின் வேகத்தைச் சட்டென்று குறைக்கும். போக்குவரத்து அதிகமாக இருந்தும் தாமதம் ஏறாவிட்டால் மெல்ல மெல்ல ஏற்றும். குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என்று மூன்று எண் கொடுத்தால் போதும். நான் கீழ்த்திசைக்கு 15000, 50000, 200000 என்று வைத்திருக்கிறேன், கிலோபிட்டில்தான். முழுத் தீர்வு இல்லை. வேகம் திடீரென்று விழும்போது அது சுதாரித்துக்கொள்வதற்குள் ஒரு துள்ளல் வரும். பாட்டு வகுப்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு அட்சரம் விழுங்கப்படுகிறது. ஃபைபரில் இருந்த அமைதி இல்லை. ஆனால் எட்டு நூறு இல்லை, மோசமான நேரத்தில் எண்பது, நூறு.

இதையெல்லாம் வீட்டு ரவுட்டர்வரை கொண்டுவந்து சேர்க்க அலையாய் அலைந்தவர்களில் டேவ் டாட் முக்கியமானவர். கெட்டிஸோடு சேர்ந்து பஃபர்ப்ளோட் திட்டத்தைத் தொடங்கி, சேரோ-டபிள்யூஆர்டி என்ற சோதனை ஃபர்ம்வேரை நடத்தியவர். 2025 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார். செய்தியைப் படித்த அன்று நான் ஆட்டோரேட் எண்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இருபுறமும் 300 எம்பிபிஎஸ் ஃபைபர், வீட்டில் இரண்டே பேர் என்றால் வித்தியாசம் கண்ணில் படாது. நிறுவனத்துக்கு அப்பால் நெரிசல் என்றால் இது ஒன்றும் செய்யாது. மேலே போகும் வேகம் குறைவாக இருந்து, வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசவும் ஏற்றவும் செய்தால் தாராளமாகப் போடலாம். கணக்கு வழக்கு பார்த்தால், மூன்று வருடத்தில் நான் இதற்காக உட்கார்ந்தது பதினைந்து மணி நேரம் இருக்கும். அதில் பாதி என் சொந்தத் தவறுகள்.

போன வாரம் தெருமுனைவரை ஃபைபர் வந்துவிட்டது. அடுத்த மாதம் இணைப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோரேட்டை நிறுத்திவிட்டு பழையபடி ஒரே எண்ணுக்குப் போகப்போகிறேன். மனைவி இப்போதே, "வகுப்பு இல்லாத நேரமா பாத்துப் போடுங்க, அந்த மூணு பூஜ்யத்தையும் மறந்துடாதீங்க" என்கிறார்.